முக்குளிப்பானின் முகவரி

ஏப்ரல் 4

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை. நானே, என் கையால் எழுதுகிறேன். நம்பிக்கை வராவிட்டால் எழுத்தைப் பார். வரி போகப் போக மேலே ஏறுகிறது அல்லவா? நாற்பத்தெட்டு வருஷம் துடுப்புப் பிடித்த கை. நேராகப் போகச் சொன்னால் காற்று எந்தப் பக்கம் என்று சந்தேகப்பட்டு ஒதுங்குகிறது.

போன மழைக்காலத்திலேயே நூலக மாடியில் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. எழுத வந்த பிறகு எழுதியே சொல்லலாம் என்று வைத்திருந்தேன். வகுப்பில் பதினாறு பேர். எழுபத்தொரு வயது எனக்கு மட்டும்தான். பக்கத்தில் உட்காரும் தையல்காரம்மா என் பலகையைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். கேட்டால், "உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியுதான்னு பாத்தேன் ஐயா" என்கிறாள்.

உன் அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "சோப்பு உறையைப் படிச்சாச்சு, மாத்திரை அட்டையைப் படிச்சாச்சு, மீட்டர் பெட்டியைக்கூட விடல. இப்ப என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, இதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள். "கொதிக்கவைத்து ஆறிய பின் பயன்படுத்தவும்னு போட்டிருக்கு" என்றேன். அன்று டீ கிடைக்கவில்லை.

செய்தி இரண்டு இருக்கிறது.

ஒன்று, கொண்டை முக்குளிப்பான் ஜோடி திரும்பி வந்துவிட்டது. ஆறு வருஷத்துக்குப் பிறகு! இரண்டும் நெஞ்சோடு நெஞ்சு நிமிர்ந்து, அலகில் பாசியைக் கவ்விக்கொண்டு தண்ணீர் மேல் நின்று ஆடியதை நானே பார்த்தேன். எது மாப்பிள்ளை எது பெண் என்று அதுகளுக்குத்தான் வெளிச்சம். நாணலுக்குள் மிதக்கும் கூடு கட்டி, நான்கு முட்டை. எழுந்து போகும்போது முட்டைகள் மேல் தழையை இழுத்து மூடிவிட்டுப் போகிறது. பார்த்தால் குப்பை ஒதுங்கியது மாதிரி இருக்கும்.

இரண்டு, ஏரி அலுவலகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் கதவில் தாள் ஒட்டியிருந்தால் அதுவும் எனக்குக் கதவுதான். இந்த முறை நின்று படித்தேன். ஜூலை முதல் நாணல் பக்கத்தையும் மோட்டார் படகுச் சவாரிக்குத் திறந்துவிடப் போகிறார்களாம். அந்தப் பக்கத்தில் நீர்ப்பறவை குஞ்சு பொரிக்கிறது என்று ஜூன் பதினைந்துக்குள் யாராவது புகைப்படத்தோடு எழுதிக் கொடுத்தால் மறுபரிசீலனை செய்வார்களாம். அந்தச் சொல்லைப் படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. மோட்டார் படகின் ஒரு அலை போதும் மச்சான், மிதக்கிற கூடு கவிழ.

கவலைப்படாதே, சும்மா இருக்கவில்லை. நல்ல பலகை ஒன்று வாங்கி, வெள்ளை அடித்து, நானே எழுதி நாணலோரம் நட்டுவிட்டேன். "இங்கே முக்குளிப்பான் கூடு கட்டி நான்கு முட்டை இட்டிருக்கிறது. இங்கிருந்து இருபது அடி. தயவுசெய்து சத்தம் போடாதீர்கள்." கீழே ஒரு அம்புக்குறி. இதே மாதிரி இன்னொன்று படகுத்துறையில். வாத்தியாரம்மா வந்து பார்த்துவிட்டு, எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்றார். உலகத்தில் நான் எழுதி நட்ட முதல் வரி, மச்சான்!

மலைமேல் கேமராவோடு காத்திருக்கிறாயே, அந்த மலைப்பூனை அகப்பட்டதா?

உன் அத்தான்


ஏப்ரல் 13

அத்தான்,

இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க வேண்டாம். இப்போதே எழுந்து போய் அந்த இரண்டு பலகையையும் பிடுங்குங்கள். பிறகு வந்து மீதியைப் படியுங்கள்.

பிடுங்கிவிட்டீர்களா?

முப்பது வருஷமாகக் காட்டிலும் கரையிலும் கேமராவோடு கிடக்கிறேன். இதுவரை ஒரு கூட்டின் இடத்தையும் யாருக்கும் சொன்னதில்லை. பத்திரிகைக்குப் படம் அனுப்பினால் "ஒரு ஏரி" என்று மட்டும் எழுதுவேன். பின்னால் குன்று தெரிந்தால் அதைக்கூட வெட்டிவிட்டு அனுப்புவேன். ஏன் தெரியுமா? ஒருவன் வந்தால் நாலு பேரிடம் சொல்வான். நாலு பேர் நாற்பதாவார்கள். ஒவ்வொருவனும் "நான் ஒரே ஒரு படம்தான்" என்பான். நாணல் மறைக்கிறது என்று ஒருவன் வளைப்பான், அடுத்தவன் ஒடிப்பான், மூன்றாமவன் வெட்டுவான். பறவை இறங்கி விலகி நிற்கும். முட்டை ஆறும். நாணல் இல்லாத கூடு மேலிருந்து பார்க்கும் காக்கைக்குத் தட்டில் வைத்த மாதிரி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் எனக்குப் படகோட்டினீர்கள்!

அம்புக்குறி வேறு! இருபது அடி என்று அளந்து வேறு!

கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எழுத்துத் தெரியாமல் இருந்த எழுபது வருஷத்தில் நீங்கள் ஒரு கூட்டைக்கூடக் காட்டிக்கொடுத்ததில்லை. அந்த அத்தானே எனக்குப் போதும்.

சாமான் வண்டி கிளம்பப்போகிறது. இங்கிருந்து வாரம் ஒருமுறைதான் தபால். போன் எடுக்காது. மலைப்பூனையின் வால் மட்டும் ஒருமுறை தெரிந்தது.

மச்சான்


ஏப்ரல் 22

மச்சானுக்கு,

நீ சொன்ன இடத்தில் நிறுத்தி, போய்ப் பிடுங்கிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன்.

உன் அக்கா உன் கடிதங்களைப் படித்துச் சொன்ன காலத்தில் நீ என்னை ஒருநாளும் திட்டியதில்லை. எவ்வளவு நல்ல மச்சான் என்று நினைத்துக்கொள்வேன். 'அந்த அத்தானே போதும்' என்ற உன் வரியைப் படித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. பெட்டியைத் திறந்து உன் பழைய கடிதங்களை எடுத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். ஒன்றில் "அந்த மரமண்டையிடம் சொல்" என்று இருக்கிறது. இன்னொன்றில் "மரமண்டைக்குப் புரியும்படி சொல்". அவளிடம் காட்டி, "இதுக்கு நீ என்னன்னு படிச்சே?" என்றேன். "அத்தானிடம் அன்போடு சொல்லவும்னு படிச்சேன். இப்ப என்ன, வழக்குப் போடப் போறீங்களா?" என்றாள். எவ்வளவு தூரம் தாண்டித் தாண்டிப் படித்திருக்கிறாள் பார்! உன் அந்த வரியையும் அவள்தான் படித்திருந்தால் தாண்டியிருப்பாள். நானே படித்ததால் முழுதாக வந்து சேர்ந்தது.

சரி, அது கிடக்கட்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பயனில்லை.

உன் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பலகை நட்ட நாலாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். ஏழாம் நாள் பதினோரு பேர். தலைக்குத் தலை ஒரு கேமரா, சிலது என் கால் நீளம். ரொம்ப மரியாதையான ஆட்கள், சத்தமே போடவில்லை. நான்தான் சத்தம் போடாதீர்கள் என்று எழுதியிருந்தேனே. மூன்று நாணலை ஓசையில்லாமல் ஒடித்தார்கள். மறுநாள் தொப்பிக்காரர் ஒருவர் கத்தரிக்கோல் கொண்டுவந்தார், முடிவெட்டுகிறவர் மாதிரி. நான் படகில் போய் இறைஞ்சினேன். "பெரியவரே, நாங்க பறவைய நேசிக்கிறவங்க. கூட்டைத் தொட்டோமா, முட்டையத் தொட்டோமா?" என்றார். அவர்களைக் கூப்பிட்டதே நான்தானே.

பறவை இரண்டும் நடு ஏரியில் நின்றபடி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தன. தழையை இழுத்து முட்டையை மூடவும் அவகாசம் கிடைக்கவில்லை. சாயங்காலம் அவர்கள் போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். கூட்டில் ஓடுதான் இருந்தது.

அன்றிலிருந்து வகுப்புக்குப் போகவில்லை. வாத்தியாரம்மா ஆள் அனுப்பினார். முதுகுவலி என்று சொல்லச் சொன்னேன். நீ எழுதியது சரிதான் போலிருக்கிறது.

அத்தான்


மே 1

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தைப் பாறைமேல் உட்கார்ந்து படித்தேன். மறுபடியும் படித்தேன். இங்கே பேச்சுத்துணைக்கு ஒரு சமையல்காரர் மட்டும். அவரிடமும் காட்டினேன். "இப்படி எழுதுற மனுஷனையா திட்டினீங்க? உங்களுக்கு இன்னிக்கு சூடா ஒண்ணும் கிடையாது" என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டார். ஆறிப்போனதைத்தான் தின்றேன். என் வரிக்கு அந்தத் தண்டனை போதாது.

இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறீர்களே, நாணல் நடுவே தாழைக்கோழி குஞ்சுகளோடு நிற்கும் படம், அதுதான் எனக்குப் பேர் வாங்கிக்கொடுத்த படம். அன்று வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. நாணல் மறைத்தது. வெட்டினேன் அத்தான். ஒரு கை அளவு வெட்டினேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தபோது குஞ்சுகள் ஒன்றும் இல்லை. பருந்தோ எதுவோ. அந்தப் படத்துக்குக் கிடைத்த கேடயத்தை வாங்கும்போது கை கூசியது. அதன் பிறகுதான் இந்த விதிகளெல்லாம் எனக்கு வந்தன. நீங்கள் பலகை நட்டது தெரியாமல். நான் வெட்டியது தெரிந்தே. இதை மறைத்துக்கொண்டு உங்களுக்குப் பாடம் எடுத்தேன்.

இப்போது காரியத்தைக் கேளுங்கள். எல்லாம் போகவில்லை. முட்டை போனால் இந்தப் பறவை பெரும்பாலும் இன்னொரு முறை கட்டும். நாணல் அடர்ந்த வேறு மூலையில் தேடுங்கள். கண்டால் யாரிடமும் மூச்சு விடாதீர்கள், அக்காவைத் தவிர. அக்கா தேவைப்படும்.

ஜூன் பதினைந்துக்குள் குஞ்சு படம் வேண்டும். என்னால் இறங்க முடியாது. பனி உருகிப் பாதை உடைந்துவிட்டது, சாமான் வண்டியே கயிறு கட்டித்தான் வருகிறது. ஆக, படம் எடுக்கப்போவது நீங்கள். சிரிக்காதீர்கள். என் பழைய கேமரா உங்கள் பரணில் இருக்கிறது. தட்டைப் படகின் மேல் பச்சைத் துணிக் கூடாரம் போட்ட என் மறைப்படகு உங்கள் கொட்டகையில் இருக்கிறது. அதைக் கூட்டிலிருந்து எண்பது அடி தள்ளி நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு முழத்துக்கு மேல் நெருங்கக் கூடாது. அவசரம் வந்தால் அவசரத்தைக் கரையில் வைத்துவிட்டு வாருங்கள். நாற்பதடியோடு நிறுத்திவிடுங்கள், மீதியை லென்ஸ் பார்த்துக்கொள்ளும். உள்ளே தனியாகப் போகாதீர்கள். அக்கா உங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போகட்டும். இருவர் வந்து ஒருவர் போனால் ஆள் போய்விட்டான் என்று பறவை நம்பிவிடும். அதற்குக் கணக்கு வராது.

சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும், அதனால் காலையில் மட்டும். கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிவைத்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் போலீஸ்காரர் எடுத்த மாதிரி இருக்கும். அதன் கண்ணில் குறி வையுங்கள். கழுத்தை நீட்டி நிமிர்ந்தால் கையை எடுங்கள். தழையை இழுத்து முட்டையை மூட ஆரம்பித்தால் அன்றைக்கு அவ்வளவுதான், படமே வேண்டாம். படம் இல்லாமல் போனாலும் போகட்டும், பறவை போகக் கூடாது.

இந்தத் தாளை உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள். நீங்கள் படிக்கத் தெரிந்தவராக இல்லாவிட்டால் இதை நான் யாருக்கு எழுதியிருக்க முடியும்?

மரமண்டை நான்தான்.

உங்கள் மச்சான்


மே 14

அன்புள்ள மச்சானுக்கு,

முதலில் உன் ரகசியத்துக்கு வருவோம். தாழைக்கோழிப் படத்துக்கு நாணல் வெட்டினாய் என்று முப்பது வருஷமாக நெஞ்சில் வைத்து உருகினாயே, அன்று படகில் உனக்கு முன்னால் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தது யார்? அரிவாள் யாருடையது? "அத்தான், அந்த அரிவாளக் கொஞ்சம் எட்டுங்க" என்று கேட்டாயே, நான் எடுத்துத்தானே கொடுத்தேன்! இதைப் படித்து உன் அக்காவும் நானும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் குஞ்சுகள் போனது எனக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்லை. அதற்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. படத்தைக் கழற்ற வேண்டாம் என்று முடிவு செய்தோம். இருக்கட்டும், நம் இருவருக்கும் சேர்த்து.

இரண்டாம் செய்தி. கட்டிவிட்டது! எங்கே என்று எழுதமாட்டேன். உனக்கும் எழுதமாட்டேன். சாமான் வண்டிக்காரர் பிரித்துப் படிக்கிறாரோ என்னவோ. மூன்று முட்டை.

மூன்றாவது, பலகை. பிடுங்கினேன் அல்லவா? அது புதுத் தொல்லை ஆயிற்று. பலகை போனதும், பறவை இடம் மாறிவிட்டது என்று தொப்பிக்காரரும் கூட்டமும் ஏரி முழுக்கக் கூட்டைத் தேடி அலைய ஆரம்பித்தார்கள். யோசித்தேன். இரவோடு இரவாக ஒன்றும் செய்யவில்லை, பட்டப்பகலில் பலகையைத் தோளில் சுமந்துபோய்ப் பழைய இடத்திலேயே நட்டுவிட்டேன். கூடு அங்கே இருக்கத்தானே செய்கிறது, காலியாக? பறவை அங்கேயே திரும்ப முட்டை இட்டிருக்கிறது என்று நம்பி, இப்போது பதினோரு பேரும் அங்கேயே சாய்வு நாற்காலி போட்டுக் காலையிலிருந்து அந்தக் குப்பைக் குவியலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று படகில் தாண்டிப் போனபோது தொப்பிக்காரர் பலகையைக் காட்டி, "யாரோ சின்னப் பிள்ளை எழுதினது போலிருக்கு" என்றார். திரும்பிப்போய்ப் பலகையால் ஒன்று போடலாமா என்று வந்தது. பறவைக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

மறைப்படகு வேலை தினமும் நடக்கிறது. உன் அக்கா துடுப்புப் போடுகிற அழகை நீ பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வருஷம் என் படகில் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தவள். முதல் நாள் மூன்று சுற்றுச் சுற்றினோம். "கரை எங்க போச்சு? இப்பத்தான இங்க இருந்துச்சு!" என்கிறாள். "நீ போட்டு வச்ச இடத்துலதான் இருக்கு" என்றதற்குத் துடுப்பால் தண்ணீர் அடித்தாள். என்னைக் கூடாரத்தில் இறக்கிவிட்டு, பறவைக்குக் கேட்கட்டும் என்று, "சரி, நாங்க எல்லாரும் போறோம்" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

உள்ளே ஒரு வம்பு நடந்தது. உன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவைத் திருகினேன். மூன்று நாளாக என்ன செய்தாலும் பறவை கழுத்தை நீட்டியபடியே இருந்தது. துணி அசையவில்லை, படகு அசையவில்லை, என்ன காரணம் என்று விளங்கவில்லை. நாலாம் நாள்தான் உறைத்தது. நான் படிக்கிறேன், மச்சான்! வாத்தியாரம்மா எங்களுக்கு வாய்விட்டுப் படிக்கத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "சூ-ரி-யன் மு-து-குப் பக்-கம்" என்று எண்பதடி தள்ளி ஒரு கூடாரம் பேசினால் எந்தப் பறவை சும்மா இருக்கும்? வாயை மூடிக்கொண்டு படிக்கப் பார்த்தேன். உதடு கேட்கவில்லை. உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு படித்தேன். முதல் வரிக்கு நெடுநேரம் பிடித்தது. பிறகு சத்தமில்லாமலே உன் குரல் காதில் கேட்டது. பறவையும் கழுத்தை இறக்கிக்கொண்டது.

வகுப்புக்கு மறுபடி போகிறேன். முதுகுவலி போய்விட்டது.

அத்தான்


மே 22

அன்புள்ள அத்தான்,

நேற்று உங்கள் கடிதம் வந்தது. பாறைமேல் வைத்துப் படித்தேன். "நாங்க எல்லாரும் போறோம்" என்ற இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். எதிர்ப் பாறையில் மலைப்பூனை! முழுசாக, மீசை முதல் வால் வரை. நான் எழுபது நாள் காத்திருந்த பூனை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கேமரா மூடியோடு பையில். எழுபது நாளில் அதற்குக் கிடைத்த வேடிக்கையைப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பிப் போய்விட்டது. சமையல்காரர் அது சிரித்தது என்கிறார்.

அரிவாள் உங்களுடையது என்பது எப்படி எனக்கு மறந்துபோயிற்று! பாரம் பாதியாகிவிட்டது. பாதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

குஞ்சு வெளிவந்தால் கூட்டில் தங்காது, ஓரிரு நாளில் தாயின் முதுகில் ஏறிவிடும். அதுதான் நேரம். நிறைய எடுங்கள். நான் ஒரு நல்ல படத்துக்கு இருநூறு எடுப்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம். கரையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

மச்சான்


ஜூன் 25

அன்புள்ள மச்சானுக்கு,

மூன்று குஞ்சும் வந்துவிட்டன. உடம்பெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு. பெரிய பறவை ஒன்றின் முதுகுச் சிறகுக்குள் மூன்றும் ஏறிக்கொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டின. மற்றது நீந்தி வந்து, தன் நெஞ்சிலிருந்து ஒரு இறகைப் பிடுங்கி ஒரு குஞ்சின் வாயில் வைத்தது. குஞ்சு அதை நூலை இழுப்பது மாதிரி உள்ளே இழுத்து விழுங்கிவிட்டது. மீன் முள் வயிற்றில் குத்தாமலிருக்க இறகு என்று நீ ஒருமுறை சொன்னாயே, அப்போது நீ அளக்கிறாய் என்று நினைத்தேன்.

இருநூற்றுப் பத்து படம் எடுத்தேன். படக்கடைக்காரர் பெரிதாக்கிக் காட்டினார். பாதி வெறும் வானம். முப்பதில் என் பெருவிரல். ஒன்பதில் துல்லியமாக ஒரு நாணல். ஒன்றே ஒன்றில் முதுகும் மூன்று தலையும் இருக்கின்றன, கொஞ்சம் மங்கல், ஆனால் எண்ணலாம். பின்னால் ஒரு பட்ட மரம் தெரிந்தது. பார்த்தவுடன் நீ சொன்ன குன்று ஞாபகம் வந்து, அந்தப் பக்கத்தை வெட்டச் சொன்னேன்.

ஜூன் பத்தாம் தேதி, இஸ்திரி போட்ட சட்டையில் ஏரி அலுவலகம் போனேன். உன் அக்காவும் வந்தாள். விண்ணப்பத்தாளை நானே என் கையால் எழுதி நிரப்ப வேண்டும், கீழே கையெழுத்தை வளைத்துப் போட வேண்டும் என்று ஒரு வாரம் பழகியிருந்தேன். பேனாவும் புதிது.

கதவில் வேறு சில தாள்கள் ஒட்டியிருந்தன. பழக்க தோஷத்தில் படித்தேன். இதுவரை எழுதிக்கொடுத்தவர்களின் விண்ணப்பங்கள்! வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று ஒவ்வொன்றையும் முப்பது நாள் ஒட்டிவைப்பார்களாம். அதில் ஒரு கட்டம்: "கூடு உள்ள சரியான இடம்". அங்கே நின்று தொப்பிக்காரரும் படித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனேன். குமாஸ்தா தாளை என் பக்கம் தள்ளினார்.

"நிரப்புங்க பெரியவரே."

பேனா சட்டைப்பையில் இருந்தது. அதை உள்ளே அமுக்கிவிட்டு, "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க" என்றேன்.

உன் அக்கா என்னைப் பார்த்த பார்வையை நீ படம் எடுத்திருக்க வேண்டும். ஆனால் கெட்டிக்காரி, வாயைத் திறக்கவில்லை.

"சரி, சொல்லுங்க, நான் எழுதுறேன். கூடு எங்க இருக்கு?"

"நாணல்லங்க."

"நாணல்ல எங்க?"

"தண்ணி இருக்கிற பக்கம்."

"ஏரி பூரா தண்ணிதானய்யா! கிழக்கா, மேற்கா?"

"படகு திரும்பினா திசையும் திரும்பிடுதுங்களே."

"கரையில எந்த மரத்துக்கு நேரா?"

"மரமெல்லாம் ஒரே மாதிரிதாங்க இருக்கு. பச்சையா."

அவர் உன் அக்காவைப் பார்த்தார். அவள் பெருமூச்சு விட்டு, "வீட்டுலயும் இப்படித்தாங்க. நாப்பத்தஞ்சு வருஷமாச்சு" என்றாள்.

குமாஸ்தா படத்தைப் பார்த்தார், தலைகளை எண்ணினார், நாணல் இருப்பதையும் பார்த்தார். கட்டத்தில் "நாணல் பகுதி" என்று மட்டும் எழுதினார். அதற்குப் பக்கத்தில், "விண்ணப்பதாரர் எழுத்தறிவு இல்லாதவர்" என்று எழுதியது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாக இருந்தும் படித்துவிட்டேன். அதற்குப் பிறகு மைப்பெட்டியை நீட்டினார். பெருவிரலை வைத்து அமுக்கினார். அமுக்கும்போது கொஞ்சம் வலித்தது, மச்சான். விரலில் இல்லை.

நேற்று முடிவு வந்துவிட்டது. நாணல் பக்கம் முழுவதும் மோட்டார் படகுக்குத் தடை. குறிப்பிட்ட இடம் தெரியாததால் முழுவதையும் அடைத்துவிட்டார்களாம். அரைப் பக்கம் கேட்டிருந்தால் கால் பக்கம் கொடுத்திருப்பார்கள் என்கிறாள் உன் அக்கா.

முடிவுத்தாளுக்குக் கீழே என் விண்ணப்பமும் தொங்குகிறது, படம், கைநாட்டு எல்லாவற்றோடும். அதைத் தையல்காரம்மா பார்த்துவிட்டாள். மாலை வகுப்பில் எல்லார் முன்னாலும், "நம்ம ஐயா கைநாட்டு வச்சிட்டு வந்திருக்காரு!" என்று போட்டு உடைத்தாள். வாத்தியாரம்மா முகம் வாடிவிட்டது. "ஆபீஸைப் பாத்த பயத்துல எல்லாம் மறந்துபோச்சாய்யா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல நாக்குத் துடித்தது. குஞ்சுகள் தானாக முங்கி மீன் பிடிக்க இன்னும் ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை இடத்தை மறைத்தது வெளியே தெரியக் கூடாது. வகுப்பில் பதினாறு பேர், தையல்காரம்மா ஒருத்தியே ஊருக்கு ஒலிபெருக்கி.

"ஆமாம்மா, எல்லாம் மறந்துபோச்சு" என்றேன்.

"பரவாயில்ல. மொதல்லேருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

இப்போது நான் புதிதாகச் சேர்ந்தவர்களோடு முதல் பெஞ்சில் இருக்கிறேன். வாத்தியாரம்மா தினமும் என் கையைப் பிடித்து, "பயப்படாதீங்க ஐயா, இதுதான் அ" என்று பலகையில் போட்டுக் காட்டுகிறார். அப்படி ஒரு எழுத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்பது போல நானும் வாயைப் பிளந்து பார்க்கிறேன்.

உன் அத்தான்